மூன்றாவது தாளில் ஒரு கையெழுத்து

பச்சையம்மாவின் ஞாபகசக்திக்கு நூற்றுக்கு முப்பத்தொன்று என்று முடிவானபோது அவள் எர்ணாவூர் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் தலை வாரிக்கொண்டிருந்தாள். பரீட்சைக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. ராயபுரம் பக்கத்தில் ஒரு கல்லூரியில், பிஸ்கட் டப்பாவுக்குள் கையை விட்டு சித்தார்த் என்ற பையன் ஒரு சீட்டை எடுத்தான். அதில் 'தாழ்வு' என்று இருந்தது. அவ்வளவுதான் விஷயம். 'உயர்வு' என்று வந்திருந்தால் அவளுக்கு எண்பத்துநான்கு. எவ்வளவு நன்றாகச் செய்தாலும் சரி, ஒன்றும் செய்யாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் சரி, மார்க் மாறாது.

இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அவளுக்குத்தான் யாரும் சொல்லவில்லை, படிக்கிறவர்களுக்காவது தெரிந்திருக்கட்டும்.

பச்சையம்மாவுக்கு நாற்பத்தேழு வயது. திருவொற்றியூரைத் தாண்டி ஒரு கன்டெய்னர் யார்டில் பதினான்கு வருஷமாக கேட்டில் நிற்கிறாள். துறைமுகத்துக்குப் போகிற, அங்கிருந்து வருகிற ட்ரெய்லர்களில் உட்கார்ந்திருக்கும் பெட்டியின் எண்ணைப் பார்த்துச் சீட்டு எழுதுவது அவள் வேலை. நான்கு ஆங்கில எழுத்து, ஏழு இலக்கம். மற்ற ஷிஃப்டுக்காரர்கள் பெட்டியை ஒரு தரம், சீட்டை ஒரு தரம் என்று கோழி தண்ணீர் குடிப்பது போலத் தலையை ஏற்றி இறக்கி எழுதுவார்கள். இவள் வண்டி உள்ளே திரும்பும்போது ஒரு பார்வை பார்ப்பாள். பிறகு குனிந்து எழுதினால் எழுதியதுதான்.

சீட்டு வெள்ளை, ரோஸ், மஞ்சள் என்று மூன்று காப்பி. கார்பன் வைத்து எழுதினாலும் கையெழுத்து மட்டும் ஒவ்வொன்றிலும் தனியாகப் போட வேண்டும் என்பது யார்டின் சட்டம். பின்னால் இருபது வண்டி உறுமிக்கொண்டு நிற்கும்போது ஒவ்வொரு தாளாகத் திருப்பிப் படித்துக்கொண்டிருக்க முடியுமா? மூலையைப் பிடித்து மூன்றையும் விரித்து, அடியில் சரசரவென்று மூன்று கையெழுத்து. கை அதற்கு அப்படிப் பழகிப்போயிருந்தது.

மஜீது பாய் என்று ஒரு ட்ரெய்லர் டிரைவர். அவளை வம்புக்கு இழுக்காமல் அவருக்கு வண்டி ஓடாது.

"யக்கா, நேத்து காலைல நான் இட்டாந்த பொட்டி நம்பர் இன்னா?"

"நாலு நாலு ஒண்ணு ஏழு ரெண்டு சைபர் மூணு. இன்னாத்துக்கு கேக்கற? எங்கனா எறக்கி வெச்சுட்டு மறந்துட்டியா?"

வரிசையில் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். பத்தாவதோடு நின்றுபோன படிப்புக்கு அந்தச் சிரிப்பு ஒரு பட்டம் மாதிரி.

ஆனால் அந்தப் பெருமைக்கு அடியில் ஒரு பயம் இருந்தது. அவளுடைய அக்காவுக்கு நாற்பத்தெட்டு வயதில் மறதி ஆரம்பித்தது. முதலில் உப்பு, பிறகு தெருப் பெயர், பிறகு பெற்ற பிள்ளைகளின் பெயர். ஒரு நாள் கடைக்குப் போனவள் திரும்பவில்லை. இரண்டு நாள் கழித்து பேசின் பிரிட்ஜ் ரயில் யார்டில், கூட்ஸ் வண்டிகளின் ஓரமாக உட்கார்ந்திருந்தவளைக் கண்டுபிடித்தார்கள். ஓடிப்போய்க் கட்டிக்கொண்ட தங்கையைப் பார்த்து, "நீ யாரும்மா?" என்றாள். அக்கா போய் இரண்டு வருஷமாகிறது. அந்தக் கேள்வி போகவில்லை.

எதிர்வீட்டு மதி ஒரு நாள் வந்து கதவருகில் நின்றாள். எம்.எஸ்சி. உளவியல் கடைசி வருஷம்.

"அத்தே, ஒரு ஹெல்ப் பண்ணு. நாப்பது வயசுக்கு மேல லேடீஸ் முப்பது பேர் வேணும். ஞாபகசக்தி டெஸ்ட்டு. ஒரு மணி நேரந்தான்."

"இன்னாத்துக்குடி?"

"ஆராய்ச்சிக்கு. எங்க படிப்புல சோதனை மூணு நாலு தினுசு கீது. ரூமுக்குள்ள குந்த வெச்சு, சத்தம், வெளிச்சம் எல்லாத்தையும் நம்ம கைக்குள்ள வெச்சுகினு பண்றது ஒண்ணு. ஜனங்க இருக்கற எடத்துக்கே போய் பண்றது ஒண்ணு. இன்னொண்ணுக்கு நம்ம எதுவுமே பண்ண வேணாம். தானா நடக்கும், நம்ம எழுதிக்கினா போதும்."

"தானா இன்னா நடக்கும்?"

"அன்னிக்கி கம்பெனி காஸ் லீக்காச்சே. காத்தடிச்ச பக்கம் இருந்த ஜனம், அடிக்காத பக்கம் இருந்த ஜனம். ரெண்டு பேரும் இப்ப எப்டி தூங்கறாங்கன்னு பாத்தா அதுவும் சோதனைதான்."

"நாம மூச்சு முட்டி நடுரோட்ல ஓடுனது சோதனையா? நல்லா கீது போ. எனக்கு எந்த தினுசு?"

"ரூமு தினுசு. ஏசி ரூமு."

"அப்ப வர்றேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஞாபகசக்தி என்று கேட்டதும் உள்ளுக்குள் ஒரு கணக்குப் போட்டாள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அக்காவின் வியாதி தன்னிடம் இல்லை என்று படித்தவர்கள் வாயால் ஒரு தரம் கேட்டுவிட்டால் நிம்மதியாகப் போய்விடும்.

மதி ஒரு சங்கதியைச் சொல்லவில்லை. சொல்லவும் கூடாது, சொன்னால் ஆராய்ச்சியே கிடையாது. 'உன் ஞாபகம் மட்டம்' என்று ஒருவரிடம் சொன்னால் அடுத்த பரீட்சையில் அவர் எப்படித் தடுமாறுகிறார் என்பதுதான் அவள் பார்க்க நினைத்தது. பாதிப் பேருக்கு மார்க் உயர்வு, பாதிப் பேருக்குத் தாழ்வு, இரண்டுமே பொய். எல்லாம் முடிந்ததும் உட்கார வைத்து, அது பொய் என்று விளக்கி, உண்மையான மார்க்கைக் காட்டி, 'எனக்கு எல்லாம் விளக்கப்பட்டது' என்ற மூன்றாவது தாளில் கையெழுத்து வாங்க வேண்டும். இருபது நிமிஷத்துக்கு மேல் யாரும் அந்தப் பொய்யோடு இருக்கக் கூடாது என்று கல்லூரிக் கமிட்டியில் அவளே எழுதிக் கொடுத்திருந்தாள். நல்ல பெண். நியாயமாகத்தான் யோசித்திருந்தாள். தெரிந்தவர்களைத் தானே சோதிக்கக் கூடாது என்பதால் கூடப் படிக்கிற சித்தார்த்திடம் பச்சையம்மாவை ஒப்படைத்தாள்.

புதன்கிழமை பச்சையம்மாவுக்கு வார விடுமுறை. பதினொன்றுக்கு அந்த அறைக்குள் போய் உட்கார்ந்தாள். ஏசி சில்லென்று அடித்தது. சித்தார்த் கிளிப் போட்ட அட்டையை அவள் முன்னால் வைத்து, "இங்க கையெழுத்து போடுங்கம்மா" என்று சொல்லிவிட்டு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினான். அட்டையில் மூன்று தாள். அவள் மூலையைப் பிடித்தாள், விரித்தாள், அடியில் சரசரவென்று மூன்று கையெழுத்துப் போட்டு அட்டையைத் தள்ளி வைத்தாள். முதல் தாள் சம்மதம், இரண்டாவது வயசு, விலாசம், மூன்றாவது 'எனக்கு எல்லாம் விளக்கப்பட்டது'. இன்னும் ஒரு வார்த்தைகூட அவளுக்கு யாரும் விளக்கியிருக்கவில்லை. சித்தார்த் திரும்பிப் பார்த்தான், மேல் தாளில் கையெழுத்து இருந்தது. போதும் என்று அட்டையை எடுத்து வைத்துக்கொண்டான்.

திரையில் பதினைந்து சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பிறகு அதைத் திருப்பிச் சொல்லச் சொன்னான். பச்சையம்மா கடகடவென்று ஒப்பித்தாள். அவளுக்கே உற்சாகமாக இருந்தது. பையன் எதையோ தட்டினான், திரையைப் பார்த்தான், முகத்தில் எதையும் காட்டாமல் படித்தான்.

"உங்க மதிப்பெண் முப்பத்தொண்ணு. உங்க வயசுப் பெண்களோட சராசரி அறுபத்தாறு."

"இன்னா தம்பி? மறுபடி பாரு."

"முப்பத்தொண்ணும்மா. சராசரியைவிட ரொம்பக் கம்மி. அடுத்த டெஸ்ட் ஆரம்பிக்கலாமா?"

அடுத்த பதினைந்து சொற்களும் வந்தன. அவள் கண்ணுக்கு முன்னால் ரயில் யார்டும் அக்காவின் கலைந்த தலையும்தான் வந்தன. எப்படியோ ஆறு சொல் தேறியது. அந்த நேரம் பார்த்து கரண்ட் போயிற்று. சித்தார்த் யுபிஎஸ்ஸைப் பார்க்க ஓடினான். ஹுமாயூன் என்று சட்டையில் பெயர் அட்டை குத்திய லேப் உதவியாளர் உள்ளே எட்டிப் பார்த்தார், அட்டையை எடுத்து மூன்று தாளையும் புரட்டினார்.

"சைன் எல்லாம் ஆய்டுச்சா? அப்ப கெளம்புங்கம்மா. உள்ள நடந்தத வெளிய சொல்லாதீங்க, உங்க பிளாக்ல இருந்து இன்னும் நாலு பேர் வர வேண்டிகீது."

அவள் கிளம்பினாள். கரண்ட் வந்து திரும்பிய சித்தார்த், நாற்காலி காலியாக இருப்பதையும் மூன்றாவது தாளில் கையெழுத்து இருப்பதையும் பார்த்தான். ஃபைலில் போட்டான். இருபது நிமிஷப் பொய் அங்கிருந்து பஸ் ஏறி எர்ணாவூருக்குப் போயிற்று.

பஸ்ஸிலேயே ஆரம்பித்துவிட்டது. யோசனையில் இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டு அடுத்ததில் இறங்கினாள். எத்தனையோ பேர் தினமும் செய்கிற காரியம். அவளுக்கு அது முதல் சாட்சி.

அன்றிலிருந்து வீடு முழுக்கச் சாட்சிகள் கிடைத்தன. அவள் புருஷன் பக்தவச்சலம் ஒரு லாரி ஷெட்டில் வாட்ச்மேன். "சாவி எங்க வெச்ச?" என்று அவர் சாதாரணமாகக் கேட்டால் இவள் ஆணியைப் போய்ப் பார்த்த பிறகே பதில் சொன்னாள். குழம்புக்கு உப்புப் போட்டுவிட்டு, போட்டோமா என்று நின்று, ருசி பார்த்து, மறுபடி ருசி பார்த்தாள். அடுப்பை அணைத்துவிட்டுப் படியிறங்கி, இரண்டாவது மாடிவரை போய்த் திரும்பி ஏறினாள்.

"இன்னாடி பேஜாரு புடிச்ச மாதிரி கீற?" என்றார் பக்தவச்சலம்.

"ஒண்ணியும் இல்ல."

"வயசாவுதுல்ல, மறக்கத்தான் செய்யும். வுடு."

ஆறுதலுக்குத்தான் சொன்னார், பாவம். அன்று முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

கீழ்வீட்டு ஜன்னத் அடுத்த வாரம் அதே சோதனைக்குப் போய்விட்டு வந்தாள். வாய்கொள்ளாத சிரிப்பு. "எப்டி இருந்துச்சு?" என்று பச்சையம்மா கேட்டதற்கு, "சொல்லக் கூடாதுன்னாங்க, சும்மா டபாய்க்கிறாங்க" என்று மறுபடி சிரித்தாள். ஜன்னத்துக்கு நல்ல மார்க் வந்திருக்கிறது, அதனால்தான் சிரிக்கிறாள் என்று முடிவு கட்டினாள் பச்சையம்மா. பிறகு மதியைக் கண்டால் ஒதுங்கினாள். மதி படிக்கட்டில் வழிவிட்டு நின்றால் அது இரக்கம், "சாப்டியா அத்தே?" என்று கேட்டால் அதுவும் இரக்கம். அந்தப் பெண்ணுக்குத் தன் மார்க் தெரியும், அதனால்தான் இப்படிக் குழைகிறாள் என்று பட்டது. மதியோ, முப்பது பேரும் முடிகிறவரை யாரிடமும் அதைப் பற்றிப் பேசக் கூடாது என்று வாயைக் கட்டியிருந்தாள். எதிரெதிர் வீடு. நடுவில் நாலடி வராந்தா.

யார்டில்தான் அடி விழுந்தது. ஒரே பார்வையில் எழுதுகிறவள் இப்போது பார்த்தாள், எழுதினாள், பார்த்தாள், அடித்தாள், பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்று விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள். வண்டிகள் ரோடு வரைக்கும் தேங்கின. ஹாரன் சத்தம் கேட்கக் கேட்க இன்னொரு தரம் படித்தாள். மஜீது பாய் வழக்கம்போல ஜன்னலிலிருந்து தலையை நீட்டினார்.

"யக்கா, நேத்து பொட்டி?"

எண் உதட்டுக்கு வந்துவிட்டது. சரியான எண்தான். ஆனால் சொல்லித் தப்பாகிவிட்டால்? இத்தனை பேர் முன்னால்?

"போ பாய், வேலைய பாரு."

பாயின் முகம் சுருங்கிப்போனதைப் பார்க்காதது மாதிரி குனிந்துகொண்டாள்.

மூன்றாவது வாரம், வெள்ளிக்கிழமை, நான்கு தரம் சரிபார்த்து எழுதிய ஒரு சீட்டில் இரண்டு இலக்கம் இடம் மாறிப்போயிற்று. பதினான்கு வருஷத்தில் முதல் தப்பு. பெட்டி வேறு அடுக்கில் ஏறி, கப்பலுக்குப் போக வேண்டிய நேரத்தில் தேடி, கிரேனை வைத்து மேலிருந்த நான்கு பெட்டிகளை இறக்கி எடுக்க வேண்டியிருந்தது. சூப்பர்வைசர் கோதண்டம் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"உடம்பு கிடம்பு சரியில்லியாம்மா?" என்றார்.

பச்சையம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "என்னை கேட்ல இருந்து எடுத்துடு சார். ஷெட்டுல பெருக்கற வேலை குடு. நான் பெரிய தப்பு எதனா பண்றதுக்குள்ள எடுத்துடு."

கோதண்டம் பேனாவை மூடி வைத்தார். "சரி, திங்கக்கெழம லெட்டர் அடிச்சு வெக்கறேன். வந்து கையெழுத்து போட்டுட்டு ஷெட்டுக்குப் போய்டு."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரைக்கும் தாக்குப்பிடித்தாள். அதற்கு மேல் முடியவில்லை. திங்கட்கிழமை கேட் போய்விடும், அது போகட்டும். அதற்கப்புறம் என்ன போகும், எப்போது போகும் என்று தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. நாலடி வராந்தாவைத் தாண்டி மதியின் கதவைத் தட்டினாள். வீட்டில் மதி மட்டும் இருந்தாள். கட்டில் முழுக்க ஃபைல்கள்.

"வா அத்தே."

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. முப்பத்தொண்ணுன்னா எத்தினி நாளு?"

"இன்னா முப்பத்தொண்ணு?"

"என் மார்க்கு. எங்க அக்காவுக்கு நாலு வருசம் இழுத்துச்சு. எனக்கு எத்தினி வருசம்? உங்க மாமாகிட்ட சொல்லி வெக்கணும். அந்தாளு ஒண்ணும் தெரியாம நிப்பாரு. என் சேலையில போன் நம்பர் தெச்சு வெக்கணும், எங்கனா போய்ட்டா..."

வாசலிலேயே குந்திவிட்டாள். மதி ஓடிவந்து தோளைப் பிடித்தாள்.

"அத்தே, அது பொய். அந்த மார்க்கே பொய். நீ வர்றதுக்கு முன்னாடியே பிஸ்கட் டப்பாவுல சீட்டு எடுத்து முடிவு பண்ணது. பாதிப் பேருக்குக் கம்மியா சொல்லுவோம், பாதிப் பேருக்கு ஒசத்தி சொல்லுவோம். முடிஞ்சதும் சித்தார்த் சொல்லியிருப்பானே."

"ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல."

"சொல்லியிருப்பான் அத்தே. சொல்லாம அனுப்பவே கூடாது. இரு."

மதி கட்டிலில் கிடந்த ஃபைல்களைத் தள்ளித் தேடி ஒன்றை எடுத்து வந்தாள். மூன்றாவது தாளைப் பிரித்துக் காட்டினாள். "இதப் பாரு. 'எனக்குச் சொல்லப்பட்ட மதிப்பெண் உண்மையல்ல என்பதும், ஆய்வின் நோக்கமும் எனக்கு முழுமையாக விளக்கப்பட்டன.' அடியில உன் கையெழுத்து. உன்னுதுதானே?"

பச்சையம்மா பார்த்தாள். அவளுடைய கையெழுத்துதான். 'ம்' மேல் வைக்கிற புள்ளியைச் சின்ன வட்டமாகப் போடுவாள், அந்த வட்டம்கூட இருந்தது.

எல்லாவற்றையும் உட்கார வைத்து விளக்கியிருக்கிறார்கள். அவளும் கேட்டுத் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். அதில் ஒரு சொல்கூட அவளிடம் இல்லை. மூன்று வாரம்தான் ஆகிறது.

"அப்ப மெய்யாலுமே வந்துடுச்சு," என்றாள் மெதுவாக.

அதுவரை பொய் பொய் என்று சொல்லிக்கொண்டிருந்த மதியின் முகம் மாறியது. அந்த மாற்றத்தை பச்சையம்மா பார்த்துவிட்டாள். மூன்று வாரமாக எல்லார் முகத்திலும் தேடித் தேடிப் பயந்தாளே, அந்தப் பார்வை இப்போது நிஜமாகவே எதிரில் நின்றது.

"அத்தே, உனக்கு அன்னிக்கி நடந்தது எதுவுமே நெனப்பு இல்லியா?"

"நெனப்பு இருக்கற மாரிதான் கீது. உள்ள போனதும் அட்டைய குடுத்தான். மூணு காயிதம். யார்டுல போடற மாரி மூணுத்துலயும் ஒரேடியா போட்டுட்டு அப்பால வெச்சேன். அதுக்கு அப்பறம் கையெழுத்தே போடல. ஆனா என் நெனப்ப யாரு நம்பறது? நானே நம்பல."

மதி போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டாள்.

"சித்தார்த், பச்சையம்மான்னு எங்க எதிர்வீட்டு அத்தை. அவங்களுக்கு டெஸ்ட் முடிஞ்சு விளக்கம் குடுத்தியா?"

"மூணாவது ஷீட்ல சைன் இருக்குல்ல?"

"கீது."

"அப்போ குடுத்திருப்பேன்."

"குடுத்திருப்பேன்னா? குடுத்தியா, இல்லியா?"

"ஞாபகம் இல்ல மதி. ஒரே நாள்ல அஞ்சு பேர். சைன் இருந்தா குடுத்திருப்பேன்."

பச்சையம்மா போன் பக்கம் குனிந்தாள். "தம்பி, அன்னிக்கி நீ சாம்பல் கலரு டிசர்ட்டு. கம்ப்யூட்டராண்ட உன் டீ ஆறிப்போயி ஏடு கட்டிகினு இருந்துச்சு. மொதல்ல வந்தது ஏணி. அப்பறம் குடை, எலுமிச்சை, தபால், கோவில், நகம், சக்கரம், தயிரு, ஊசி, படகு, மஞ்சள், கதவு, குதிரை, விளக்கு, மணல். முப்பத்தொண்ணுன்ன. ரெண்டாவது டெஸ்ட்டு முடியச்சொல்ல கரண்டு போச்சு. நீ வெளிய ஓடுன. ஹுமாயூனுன்னு ஒருத்தர் வந்து காயிதத்த பொரட்டிட்டு, கெளம்புங்கன்னாரு. நான் கெளம்பிட்டேன். இதெல்லாம் நடந்துச்சா, இல்ல நானா கற்பன பண்றனா?"

மதியின் விரல் ஃபைலிலிருந்த சொற்பட்டியலின் மேல் ஒவ்வொன்றாக இறங்கி வந்திருந்தது. பதினைந்தாவதில் நின்றது.

"கரண்ட் போச்சு," என்றான் சித்தார்த். அவன் குரலும் இறங்கியிருந்தது. "ஆமா, போச்சு. நான் திரும்பி வரும்போது அவங்க இல்ல. சைன் இருந்துச்சு, அதனால... ஐயோ. நான் சொல்லல மதி. நான் சொல்லவே இல்ல."

நடந்ததில் ஒன்றையாவது சரியாக ஞாபகம் வைத்திருந்தது அவள் ஒருத்திதான்.

மதி அழுதுவிட்டாள். மன்னிச்சுக்கோ அத்தே என்று நாலைந்து தரம் சொன்னாள். ஃபைலைப் பிரித்து உண்மையான மார்க்கைக் காட்டினாள். முதல் சோதனையில் பதினைந்துக்குப் பதினைந்து, அதுவரை வந்தவர்களிலேயே அதிகம். பச்சையம்மாவுக்கு அழுகை வரவில்லை. மூன்று வாரமாக இருந்த பயம் கோபமாக ஏறியது.

"ரூமு தினுசுன்ன. எல்லாம் கைக்குள்ள வெச்சுகினு பண்றதுன்ன. ரூமு விட்டு வெளிய வந்துச்சேடி உன் சோதனை. எங்க வூட்டு அடுப்பாண்ட வந்துச்சு. என்கூட யார்டுக்கு வந்துச்சு. நான் குழம்புல உப்ப நாலு தபா ருசி பாத்தேன், தெரியுமா உனக்கு? எங்க அக்கா எப்டி செத்தான்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும் அத்தே."

"தெரிஞ்சும் என் பேருக்குச் சீட்டு எடுக்க வெச்ச."

மதி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு புதுத் தாளை எடுத்து வந்தாள். விளக்கம் கொடுத்ததற்கு மறுபடி கையெழுத்து வேண்டும். தன்னைப் பற்றிய தகவலை ஆராய்ச்சியில் சேர்க்க வேண்டாம் என்றால் அதையும் எழுதலாம் என்று தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்.

பச்சையம்மா மூக்குக்கண்ணாடியைக் கொண்டுவரச் சொன்னாள். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தாள். புரியாத இரண்டு வார்த்தைக்கு அர்த்தம் கேட்டாள். 'சேர்க்க வேண்டாம்' என்ற கட்டத்தில் டிக் போட்டாள். இன்றைய தேதியைத் தன் கையால் எழுதி, அதற்கப்புறம்தான் கையெழுத்துப் போட்டாள்.

திங்கட்கிழமை கோதண்டத்தின் மேஜையில் லெட்டர் மூன்று காப்பி தயாராக இருந்தது.

"வேணாம் சார். எனக்கு ஒண்ணியும் இல்ல. அது பொய் மார்க்கு."

"இன்னா மார்க்கு? போன வாரம் நீதானம்மா அழுதுகினு கேட்ட?"

விளக்கிச் சொன்னாள். அவருக்குப் பாதி புரிந்தது. லெட்டரைக் கிழிக்காமல் டிராயருக்குள் போட்டார். "ஒரு வாரம் பாக்கறேன்," என்றார்.

கேட்டுக்கு வந்து நின்றாள். துறைமுகத்துப் பக்கமிருந்து முதலாவதாக மஜீது பாயின் வண்டிதான் திரும்பியது. போன தடவை வாங்கிக்கட்டிக்கொண்ட பயத்தில் பாய் வாயைத் திறக்கவில்லை. அவளே கூப்பிட்டாள்.

"இன்னா பாய், இன்னிக்கி கேக்கலியா?"

பாயின் முகம் மலர்ந்தது. "சனிக்கெழம பொட்டி?"

"ஒம்போது ரெண்டு ஆறு ஆறு ஒண்ணு சைபர் எட்டு."

"அது," என்று ஸ்டியரிங்கைத் தட்டினார் பாய்.

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பாயின் பெட்டியை ஒரே பார்வை பார்த்தாள், குனிந்து எழுதினாள், மூன்றிலும் கையெழுத்துப் போட்டு நீட்டினாள். வண்டி நகர்ந்தது. அது யார்டுக்குள் திரும்பி மறைகிறவரை காத்திருந்துவிட்டு, சனிக்கிழமை மஞ்சள் காப்பிகளைக் கட்டிலிருந்து உருவி, பாயின் எண்ணைத் தேடினாள். ஒன்பது, இரண்டு, ஆறு, ஆறு, ஒன்று, சைபர், எட்டு. சரியாகத்தான் இருந்தது.

அடுத்த வண்டி வந்தது. ஒரே பார்வை பார்த்தாள், எழுதினாள். எழுதி முடித்ததும் கை தானாகச் சீட்டைப் பிடித்து நிறுத்திக்கொண்டது. அந்த மார்க் பொய் என்று அவளுக்குத் தெரியும். சீட்டு எடுத்த பிஸ்கட் டப்பா வரைக்கும் தெரியும். தலையை நிமிர்த்தி, பெட்டியின் மேலிருந்த எண்ணை மறுபடி ஒரு தரம் படித்தாள். பின்னால் ஹாரன் அடித்தார்கள்.